புறநகரா நகரா: தவறாகக் கேட்கப்படும் கேள்வி

ஐப்பசி முடிந்து டெல்லியின் வானம் சாம்பல் நிறம் கொள்ளும் நாள்களில், கற்றோர் நடுவே ஓர் அறிவுரை ஆண்டுதோறும் தவறாமல் உலவத் தொடங்குகிறது. நகரம் வாழத் தகுதியற்றதாகிவிட்டது. குருகிராமிலோ நொய்டாவிலோ சோனிப்பத்திலோ ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவதே அறிவுடைமை என்பது அதன் சாரம். பெங்களூரில் அந்த இடத்துக்குச் சர்ஜாபூர் சாலை என்று பெயர். மும்பையில் பன்வேல் என்று பெயர். எதிர்த்தரப்பும் உடனே அணிவகுக்கும். நூலகம், நாடக அரங்கு, பழைய புத்தகக் கடை, நள்ளிரவிலும் கிடைக்கும் தேநீர், யார் எவர் என்று கேளாத தெரு ஆகியவற்றைத் துறப்பது பண்பாட்டுத் தற்கொலை என்று அவர்கள் வாதிடுவர். காற்றா கலையா, இடவசதியா இணக்கமா என்று பட்டிமன்றம் சில நாள் சூடுபிடிக்கும். புகைமூட்டம் விலகியதும் அதுவும் அடங்கிவிடும்.

இரு தரப்பும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றன. எங்கே வாழ்வது என்பது ஒருவர் தம் விருப்பத்துக்கும் வருவாய்க்கும் ஏற்பச் செய்துகொள்ளும் தெரிவு என்பதே அந்த எடுகோள். இந்தியப் பெருநகரங்களைப் பொறுத்தவரை இது பிழையானது. விளிம்பில் வாழ்வோரில் மிகப் பலர் தேர்ந்துகொண்டு அங்கே போனவர் அல்லர். அனுப்பப்பட்டவர்கள், அல்லது வாடகையால் விரட்டப்பட்டவர்கள். தேர்ந்துகொண்டு போனோர் தாம் பெற்ற நன்மைக்குரிய விலையின் ஒரு பகுதியைப் பிறர்மீது சுமத்துகின்றனர். இரு சாராருமே தம் தெருவை ஆளும் உரிமையைப் பெரும்பாலும் இழந்து நிற்கின்றனர். ஆகவே புறநகர்ச் சிக்கல் ரசனையைப் பற்றியதன்று. நேரம், நீர், வாக்கு ஆகிய மூன்றும் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைப் பற்றியது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘சபர்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலம் ‘நகருக்குக் கீழே, நகரை ஒட்டி’ என்று பொருள்படும். 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் அச்சொல் ஒழுக்கக்கேட்டைச் சுட்டும் வசையாகவும் வழங்கியது. நகரம் தனக்குள் வைத்துக்கொள்ள விரும்பாதவை எல்லாம் மதிலுக்கு வெளியே இருந்தன. வசதியுள்ள நடுத்தர வகுப்பின் அமைதியான இல்லம் என்னும் பொருள் பின்னர் வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா அதற்குப் புல்வெளியையும் காரையும் சேர்த்தது. தமிழில் வரலாறு வேறு. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்றே ஒரு காதை உண்டு. அங்கே புறஞ்சேரி என்பது மதுரைக்கு வெளியே அறவோர் உறையும் இடம். கண்ணகி ஆயர் குடியில் அடைக்கலமாகத் தங்க, கோவலன் சிலம்பை விற்க நகருக்குள் போகிறான். ‘சேரி’ பின்னாளில் சாதியின் சுமை ஏறிய சொல்லானது. சென்னையின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட துரைப்பாக்கத்து அடுக்ககங்களுக்குக் ‘கண்ணகி நகர்’ என்று பெயர். அப்பெயரில் ஒரு பொருத்தம் அமைந்துவிட்டது: கண்ணகியும் நகருக்கு வெளியேதான் வைக்கப்பட்டிருந்தாள், நீதி கேட்கவே உள்ளே வந்தாள்.

மும்பையில் இச்சொல்லின் நிலை இன்னும் விந்தையானது. ‘மும்பை புறநகர்’ என்பது 1990-இல் பிரிக்கப்பட்ட ஒரு மாவட்டத்தின் பெயர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 93.57 லட்சம் பேர் வாழ்ந்தனர். மும்பை நகர் மாவட்டத்தில் 30.85 லட்சம் பேர். ‘புறம்’ எனப் பெயர் பெற்றது ‘அக’த்தைப்போல் மூன்று மடங்கு. மேலும், 2001-க்கும் 2011-க்கும் நடுவே நகர் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்தது. புறநகர் மாவட்டமும் அதற்கப்பாலுள்ள தாணே மாவட்டமும் வளர்ந்தன. டெல்லியிலும் புது டெல்லி, மத்திய டெல்லி மாவட்டங்கள் அதே பத்தாண்டில் மக்களை இழந்தன. மையம் ஒடுங்குகிறது, விளிம்பு வீங்குகிறது. இந்த விளிம்பில் புல்வெளி வீடு அரிது. இருப்பவை இருபது மாடிக் கோபுரங்களும், அவற்றுக்குப் பின்னால் தகரக் கூரைகளும். இதனை அமெரிக்கச் சொல்லின் துணைகொண்டு பேசும்போது பேச்சு தொடக்கத்திலேயே தடம் புரள்கிறது.

புறநகரின் நன்மைகளாகச் சொல்லப்படுபவற்றுள் முதலாவது காற்று. ஐக்யூஏர் நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் உலகிலேயே மாசு மிகுந்த நகரமாக முதலிடம் பெற்றது குருகிராம். இரண்டாமிடம் காசியாபாத். டெல்லி அவ்விரண்டுக்கும் பின்னால்தான் இருந்தது. இதில் வியப்பில்லை. ஓயாத கட்டுமானத் தூசி, மின்சாரம் போனால் உறுமும் டீசல் ஜெனரேட்டர்கள், காலையும் மாலையும் நகருக்கும் விளிம்புக்கும் நடுவே ஊர்ந்து செல்லும் கார்கள் ஆகியவை புறநகர் வாழ்வின் துணைப்பொருள்கள். நகரத்தின் காற்றிலிருந்து தப்பியோடுபவர் நாள்தோறும் தம் காரில் அதனை உற்பத்தி செய்தபடியே ஓடுகிறார்.

இரண்டாவது, இயற்கையும் நீரும். குருகிராம் நிலத்தடி நீர் அளவுக்கு மிஞ்சி உறிஞ்சப்பட்ட பகுதியாக வகைப்படுத்தப்பட்டு நெடுங்காலமாயிற்று. பெங்களூரின் கதை இன்னும் தெளிவானது. 2007-இல் ஏழு நகராட்சிகளும் ஒரு பேரூராட்சியும் 110 கிராமங்களும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அக்கிராமங்களின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் அடுக்ககங்கள் எழுந்தன. விளம்பரப் பலகைகள் ஏரிக்காட்சியை விற்றன. அந்த 110 கிராமங்களுக்கென வகுக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். இடைப்பட்ட 17 ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியுமே குடிநீர் வாரியம். அவ்வாண்டுக் கோடையில் கிணறுகள் வறண்டபோது, வசதியுள்ள அடுக்ககத்துக்காரர் கூடுதல் விலை கொடுத்து டேங்கரை வாங்கினார். அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண், அதே நிலத்தடி நீர் வற்றிய தம் குடியிருப்பில் குடத்தோடு காத்திருந்தார். புறநகரின் நீர்வளம் என்பது பக்கத்துக் கிராமத்தின் நீரைக் கடனாகப் பெற்றது. அக்கடன் திருப்பிச் செலுத்தப்படவில்லை.

மூன்றாவது, அமைதி. மதில், கேட், காவலாளி, கண்காணிப்புக் கேமரா, பணிப்பெண்களுக்கு நுழைவு அட்டை, ‘சேவைப் பணியாளர்க்கு’ என்று எழுதப்பட்ட தனி லிஃப்ட் ஆகியவற்றால் ஆன அமைதி இது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். கிராமத்தில் ஒருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அறிதலே அங்கே அதிகாரம். நகரம் தரும் மிகப் பெரிய நன்மை, அந்த அறிதலிலிருந்து ஓரளவேனும் விடுபடுவது. குடியிருப்போர் நலச்சங்கம் ஆளும் மதில்சூழ் வளாகம் அந்த அறிதலைக் கணினிப் பதிவேட்டில் மீட்டுக் கொணர்கிறது. யார் வாடகைக்கு வரலாம், என்ன சமைக்கலாம், தனித்து வாழும் பெண்ணின் வீட்டுக்கு யார் எந்நேரம் வரலாம் என்பதெல்லாம் அங்கே சங்கத்தின் அலுவல். நகரத்துத் தெருக்களிலும் சாதியும் மதமும் பார்த்து வீடு மறுக்கும் உரிமையாளர் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அங்கே மறுப்பவர் ஒருவர் என்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் உண்டு. வளாகத்தில் மறுப்பது விதியாகிவிடுகிறது.

இவ்வளவும் தேர்ந்துகொண்டு போனவர்களின் புறநகர். அனுப்பப்பட்டவர்களின் புறநகர் வேறு. நெருக்கடிநிலைக் காலத்தில் டெல்லியின் உட்பகுதிக் குடிசைகள் அகற்றப்பட்டு, மக்கள் திரிலோக்புரி, மங்கோல்புரி போன்ற மறுகுடியமர்வுக் காலனிகளுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். 2004-இல் யமுனை புஷ்டா கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்க்கு பவானா, ஹோலம்பி கலான் போன்ற தொலைவிடங்களில் மனை கிடைத்தது. மனையின் அளவு 18 சதுர மீட்டர் அல்லது 12.5 சதுர மீட்டர். பவானா நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ரிக்‌ஷா ஓட்டியவரும் வீட்டுவேலை செய்தவரும் பழைய துணி வாங்கி விற்றவரும் தம் வாடிக்கையாளரை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு அங்கே போயினர். ‘புறநகரில் காற்று நன்றாக இருக்கும்’ என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, லாரியைக் காட்டினார்கள்.

மும்பையின் பருத்தி ஆலைத் தொழிலாளர் கதையும் இதன் உடன்பிறப்பு. 1982-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரின் நடுவே அவற்றின் நிலம் எஞ்சியது. 1991-ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் அந்நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிகளுக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், ஒரு பங்கு உரிமையாளருக்கும் என்று வகுத்தன. 2001-இல் செய்யப்பட்ட திருத்தம், ஆலைக் கட்டடங்கள் நின்ற இடத்தைக் கணக்கிலிருந்து நீக்கி, காலியாகக் கிடந்த இடத்துக்கு மட்டும் அப்பங்கீட்டைச் சுருக்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பொதுப்பங்கு கரைந்தது, கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. 2025 ஜூலையில் முன்னாள் ஆலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆசாத் மைதானத்தில் கூடிப் போராடினர். ஷேலு, வாங்கணி போன்ற தொலைதூர ஊர்களில் வீடு தருவதாகச் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. தாம் உழைத்த நகரத்திலேயே வீடு கேட்டனர். நகரா புறநகரா என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடை திட்டவட்டமானது. ஆனால் அந்தப் பட்டிமன்றத்தில் அவர்களுக்கு மேடை கிடைத்ததில்லை.

அடுத்தது நேரம். மும்பை லோக்கல் ரயிலில் உச்ச நேர நெரிசலைக் குறிக்க ரயில்வே ஒரு கலைச்சொல்லே வைத்திருக்கிறது: ‘சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோட்’. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்பதை அது குறிக்கும். மனிதர் நிற்க முடியாத அளவை அளந்து அதற்கு ஒரு பெயர் சூட்டியபின், அது விபத்தாகத் தோன்றுவதில்லை, இயல்பு நிலையாகிவிடுகிறது. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வளைவொன்றில் எதிரெதிரே கடந்த இரு ரயில்களின் படிக்கட்டுகளில் தொங்கியவர்கள் ஒருவர்மீது ஒருவர் உரசி விழுந்தனர். அன்றே 4 பேர் இறந்தனர். அவர்கள் காலை நேரத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். கல்யாணிலும் டோம்பிவ்லியிலும் வீட்டுவிலை குறைவு என்று சொல்லும் விளம்பரத்தில் இந்தப் படிக்கட்டின் விலை சேர்க்கப்படுவதில்லை.

ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று கொண்டால் நாளுக்கு 3 மணி. ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 750 மணி. எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 93 நாளுக்கும் மேல். ஊதியமில்லாத இந்த 93 நாளைத் தொழிலாளியிடமிருந்து வாங்கிக்கொள்பவர் யார்? நகர மையத்தில் அலுவலகம் வைத்திருப்பவர், அங்கே அவருக்கு வீடு கட்டாதவர், அவ்விருவர்க்கும் ஏற்ப விதி வகுத்தவர். சம்பளச் சீட்டில் இக்கழிவு ஒருபோதும் அச்சாவதில்லை.

இனி வாக்கு. இதுவே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக முதன்மையானதும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியை உறுதிசெய்தது. அதன் 243-கியூ உறுப்பில் ஒரு விதிவிலக்கு உண்டு: தொழில்நிறுவனமே குடிமை வசதிகளைத் தருமிடத்தை ‘தொழில்நகரியம்’ என்று ஆளுநர் அறிவிக்கலாம்; அங்கே நகராட்சி தேவையில்லை. 1976-இல் ஒரு தொழில் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் உருவான நொய்டா இந்தக் கதவின் வழியே வெளியேறியது. 2011-லேயே 6.37 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் நகர்மன்றம் இல்லை, மேயர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. நொய்டாவாசி நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம், சட்டமன்றத்துக்கு வாக்களிக்கலாம். தம் தெருவின் சாக்கடைக்கு வாக்களிக்க இயலாது.

இதில் ஓர் அரசாங்க நகைச்சுவையும் உண்டு. மத்திய அரசு ஊழியரின் வீட்டுவாடகைப்படிக்காக நகரங்கள் எக்ஸ், ஒய், இசட் என வகைப்படுத்தப்படுகின்றன. சிறப்பாணையின்படி நொய்டா, குருகிராம், ஃபரீதாபாத், காசியாபாத் நான்கும் டெல்லிக்கு இணையான விகிதம் பெறுகின்றன. சம்பளப் பட்டியலில் நொய்டா டெல்லிதான். வாக்காளர் பட்டியலில் அது நகரமும் அன்று, கிராமமும் அன்று.

குருகிராமின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. 1975-ஆம் ஆண்டின் ஹரியாணா நகர்ப்பகுதி வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் தனியார் நகரமைப்புக்கு வழி திறந்தது. கோபுரங்கள் முதலில் வந்தன. மாநகராட்சி 2008-இல்தான் வந்தது. அதன் இரண்டாவது மன்றத்தின் காலம் 2022-இல் முடிந்தபின், அடுத்த தேர்தல் 2025 மார்ச்சில்தான் நடந்தது. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்தாண்டுக்குப் பின் 2025 செப்டம்பரில் அம்மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்படும் வரை புதிய மன்றம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மழைநீர் தேங்கினால் யாரைக் கேட்பது என்று தெரியாத குடிமகன் சமூக ஊடகத்தில் புகைப்படம் போடுகிறான். அது குடிமையுணர்வின் அடையாளம் என்று பாராட்டப்படுகிறது. வாக்கு இருக்க வேண்டிய இடத்தில் புகைப்படம் இருப்பதே அதன் உண்மைப் பொருள்.

வாக்கில்லாத இடத்தில் வழக்கு ஒன்றே வழி. நொய்டாவில் விதிமீறிக் கட்டப்பட்ட இரட்டைக் கோபுரங்களை எதிர்த்து அங்கு வாழ்ந்தோர் 2012-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சென்றனர். 2014-இல் தீர்ப்புப் பெற்று, 2021-இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்று, 2022 ஆகஸ்ட் 28 அன்று அவை தகர்க்கப்படுவதைக் கண்டனர். பத்தாண்டு வழக்காடும் பணமும் கல்வியும் அவர்களிடம் இருந்தன. அதே நகரத்தின் தகரக் கூரைகளின் கீழ் வாழ்வோருக்கு அவ்வழியும் இல்லை. எல்லைக்கோட்டின் கொடுமை 2020-இல் இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. பெருந்தொற்றின்போது ஹரியாணாவும் உத்தரப் பிரதேசமும் டெல்லி எல்லையை அடைத்தபோது, ஒரு கரையில் வீடும் மறு கரையில் வேலையும் வைத்திருந்த மருத்துவப் பணியாளர்கூடத் தடுப்புக் கட்டைகளின் முன் நின்றனர். ‘தேசியத் தலைநகர் வட்டாரம்’ என்று வரைபடத்தில் ஒன்றாக இருந்தது, காவலர் நின்ற இடத்தில் மூன்றாகப் பிளந்தது.

பெயரே இல்லாத புறநகர்களும் உண்டு. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மை ஆண் தொழிலாளரில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத் தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால், சட்டப்படி கிராமமாக இருக்கும் ஊரையும் கணக்கெடுப்புத் துறை ‘சென்சஸ் டவுன்’ என்று குறிக்கும். 2001-இல் இத்தகையவை 1,362. 2011-இல் அவை 3,890-ஐத் தாண்டின. வாழ்வில் நகரம், நிர்வாகத்தில் கிராம ஊராட்சி. கழிவுநீர்க் குழாய் போட ஊராட்சிக்கு நிதியும் இல்லை, பொறியாளரும் இல்லை. மாநில அரசு மட்டும் இதற்குக் காரணமன்று. நகராட்சி ஆனால் சொத்துவரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் போகும் என்று அஞ்சி மக்களே மாற்றத்தை எதிர்ப்பதும் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கேரளத்தில் 2011-இல் 461 சென்சஸ் டவுன்கள் இருந்தும், அங்கே ஊராட்சிகளுக்கு அதிகாரமும் நிதியும் ஓரளவு உண்மையாகவே இருப்பதால் நிலைமை அவ்வளவு சீர்கெடவில்லை. பெயர்ப்பலகையில் நகராட்சி என்று எழுதியிருப்பதைவிட, கேள்வி கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்ட மன்றம் ஒன்று இருப்பதே முதன்மையானது.

புறநகரைப் பழிப்பதாக இவ்வாதத்தைக் கொள்வது தவறு. புறநகருக்கு மறுக்கவியலாத ஒரு நன்மை உண்டு: நகரத்தில் ஒருபோதும் சொந்தக் கூரை பெற்றிருக்க முடியாத பல லட்சம் குடும்பங்களுக்கு அது கூரை தந்தது. விராரிலும் பத்லாப்பூரிலும் 400 சதுர அடி வீட்டின் சாவியைக் கையில் வாங்கிய தலைமுறையை எள்ளுவதற்குத் தென் மும்பையின் பழைய வாடகைதாரருக்குத் தகுதியில்லை. நல்ல விளிம்புநகரை உருவாக்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. பிரிவினையின்போது வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்காக 1949 முதல் ஃபரீதாபாத்தில் எழுப்பப்பட்ட தொழில்நகரம், வீட்டையும் வேலையையும் பள்ளியையும் மருத்துவமனையையும் ஒருங்கே திட்டமிட்டது; அகதிகளே கூட்டுறவாகச் சேர்ந்து வீடுகளைக் கட்டினர். அதனை ‘நம்பிக்கையின் நகரம்’ என்று எல்.சி. ஜெயின் தம் நூலுக்குத் தலைப்பிட்டார். 1970-இல் சிட்கோ நிறுவனத்தின் பொறுப்பில் தொடங்கிய நவி மும்பைக்கும் அத்தகைய எண்ணம் இருந்தது. அதை முன்மொழிந்த சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும், அரசு தன் அலுவலகங்களைக் குடாவுக்கு அப்பால் கொண்டுபோகும் என்று எதிர்பார்த்தனர். தலைமைச் செயலகம் நகரவில்லை. நரிமன் முனையில் கடலைத் தூர்த்து மேலும் அலுவலகங்கள் எழுந்தன. வீடு வெளியே போயிற்று, நாற்காலி உள்ளேயே இருந்தது.

நகரத்தின் காவலர்களும் குற்றமற்றவர் அல்லர். டெல்லியின் லட்யன்ஸ் பங்களா மண்டலம் சுமார் 28 சதுர கிலோமீட்டர் பரப்பில், தோட்டம் சூழ்ந்த ஒற்றை வீடுகளாய், நகரின் நடுநாயகமாகக் கிடக்கிறது. நாட்டின் மிகப் பகட்டான புறநகர் எதுவென்றால் அதுதான். அது மையத்தில் இருப்பதால் யாரும் அவ்வாறு அழைப்பதில்லை. நகர வாழ்வின் செழுமையைப் புகழ்வோர் மையத்தில் எளியோர்க்கு வீடு கட்டும் திட்டம் வந்தால் பாரம்பரியம், நெரிசல், வாகன நிறுத்தம் என்று காரணம் அடுக்குவர். எளிய மாணவர்க்கு நகரம் திறந்துவைத்திருக்கும் கதவுகளோ ஆபத்தானவை. 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில், குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவர், அடித்தள நூலகத்தில் புகுந்த மழைநீரில் மூழ்கி இறந்தனர். நூலகம் நகரத்தின் பெருமை என்றால், அந்த நூலகமும் அதே நகரத்தில்தான் இருந்தது.

இவ்விடத்தில் பல்கலைக்கழகத்தாரின் பங்கு தனியே கேட்கப்பட வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் உயர்கல்வி தானே புறநகரமாகிவருகிறது. சோனிப்பத்திலும் கிரேட்டர் நொய்டாவிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. தெற்காசியப் பல்கலைக்கழகம் சாணக்கியபுரியிலிருந்து டெல்லியின் தெற்கு ஓரத்திலுள்ள மைதான் கட்ஹிக்கு மாறியது. நிலம் மலிவு, வளாகம் பெரிது, படிப்புக்கு அமைதி என்பன சொல்லப்படும் காரணங்கள். விடுதியில் இடம் கிடைத்தவருக்கு அவை உண்மை. கிடைக்காதவருக்கு? மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட ஆய்வாளர் பெறுவது மாதம் ரூ. 8,000. வாடகைப்படி அதில் இல்லை. டெல்லி மெட்ரோவில் மாணவர்க்குச் சலுகைக் கட்டணமும் இல்லை. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள முனிர்கா, பேர் சராய், கத்வாரியா சராய் போன்ற ‘நகர்ப்புறக் கிராமங்கள்’ இவ்வருவாயிலும் ஒரு மாணவர் வாழ இடம் தந்துவந்தன. வெளிச்சமும் காற்றும் குறைந்த அறைகள்தாம், ஆனால் நடந்துபோகும் தொலைவு. நெடுஞ்சாலையோர வளாகத்துக்கு அத்தகைய கிராமம் இல்லை. ஆய்வகத்தில் இரவு ஒன்பது மணியாகிவிட்டால், பெண் ஆய்வாளர் ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்று தொலைபேசியைப் பார்த்தபடி வாயிலில் நிற்க வேண்டும். மேற்சொன்ன கணக்கின்படி ஐந்தாண்டு முனைவர் பட்டத்தில் 3,750 மணி நேரம் சாலையில் போகிறது. ஆய்வேடு தாமதமானால் அதற்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் அவரே. பேருந்து அட்டவணை எழுத வேண்டியதில்லை.

விளிம்பு என்றும் விளிம்பாகவே இருப்பதில்லை என்பதும் பல்கலைக்கழகத்தார் அறிய வேண்டியது. 1974-இல் நிறுவப்பட்ட ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்குக் கச்சிபவுலியில் வளாகம் அமைந்தபோது அது ஊருக்கு வெளியே கிடந்த பாறைநிலம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சூழ்ந்தபின் அதே நிலம் பொன்னானது. 2025 மார்ச் இறுதியில் வளாகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபவுலியின் 400 ஏக்கரில் மாநில அரசின் தரப்பில் புல்டோசர்கள் இறங்கி மரங்களைச் சாய்த்தன; மாணவர் போராடினர்; ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளை நிறுத்தியது. இன்றைய அமைதி நாளைய மனைவிலை. அமைதியை நாடி விளிம்புக்குப் போகும் நிறுவனமே தன் பின்னால் சாலையையும் சந்தையையும் அழைத்துச் செல்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி எந்த நகர்ப்பகுதியும் இருக்கலாகாது. தொழில்நகரிய விதிவிலக்கைப் பல லட்சம் பேர் வாழும் நகரங்களுக்கு நீட்டுவது நிறுத்தப்பட வேண்டும். இரண்டாவது, மையத்தில் அரசிடமும் பொதுநிறுவனங்களிடமும் உள்ள நிலத்தில் வாடகை வீடுகளும் மாணவர், பணிபுரியும் பெண்டிர் விடுதிகளும் கட்டப்பட வேண்டும். வெளியேற்றம் தவிர்க்கவே முடியாதபோது மாற்றிடம் வேலையிடத்தின் அருகிலேயே அமைய வேண்டும். மூன்றாவது, புதிய வளாகத்துக்கு அடிக்கல் நாட்டும் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே விடுதி இடங்களின் எண்ணிக்கையையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் வெளியிட வேண்டும். சமூக அறிவியல் துறைகள் நகரமயமாதலைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் அளவுக்கேனும், தம் துறையின் துப்புரவுப் பணியாளர் எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி வருகிறார் என்று கேட்டறிவது நல்லது.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் நிறைவுபெறும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் பட்டியலில் புதிய சென்சஸ் டவுன்கள் மீண்டும் இடம்பெறும். அவற்றில் வாழ்வது இனிதா என்று அப்போதும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். அந்த ஊர்களுக்குக் குடிநீர் எந்த ஆண்டில் வரும், உள்ளாட்சித் தேர்தல் எந்த மாதத்தில் நடக்கும் என்று கேட்பவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அவ்விவாதத்தின் தகுதி அமையும்.